மதினி, உன் வீட்டில் கை நனைத்துவிட்டேன்

என் மதினி வேலுத்தாய்க்கு, நாற்பத்தேழு வருசமாக உன்னோடு மல்லுக்கட்டியும் இன்னும் ஓயாத மதினி குருவம்மாள் ஆசையோடு எழுதுவது.

மழை, மதினி! மழை! நேற்று மத்தியானம் பிடித்தது, இன்றைக்கும் தூறிக்கொண்டே இருக்கிறது. சன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு சொட்டு தெறித்து உன் பெயர் கொஞ்சம் கரைந்துவிட்டது. வேறு தாள் தருகிறேன் என்றாள் பேத்தி. வேண்டாம் என்றுவிட்டேன். உனக்கு அது பிடிக்கும்.

அடுத்த மாதம் உன் முதல் வருசத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். திருத்தங்கல் அச்சாபீசில் வேலை பார்க்கும் என் பேத்திதான் பொறுப்பு. "அப்பத்தா, நீங்க நாலு வரி சொன்னாப் போதும். கண்ணீர் அஞ்சலின்னு போட்டு நானே அழகா முடிச்சிருவேன்" என்றாள். "நாலு வரி யாருக்குடி பத்தும்? எனக்கு அவகூடச் சண்டை பாக்கி இருக்கு" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் எனக்கு எதுவும் மறக்காது என்பது உனக்குத் தெரியும். புத்தகத்தைப் படிக்கப் போகிற நம் சனங்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். நீயும் கேள். எங்கேயாவது தப்பாகச் சொன்னால் கனவில் வந்து திட்டு.

நமக்கு நடந்தது பெண் கொடுத்துப் பெண் எடுத்த கல்யாணம். என் அண்ணனுக்கு நீ, உன் அண்ணனுக்கு நான். ஒரே பந்தல், ஒரே மேளம். அதனால்தான் நீ எனக்கு மதினி, நானும் உனக்கு மதினி. தாயில்பட்டிப் பட்டாசுக்கார வீட்டில் பிறந்த நீ ஆனைக்குட்டத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுக்குப் போனாய். கரிசல் காட்டில் வானத்தைப் பார்த்தே வளர்ந்த நான் தாயில்பட்டிக்கு வந்தேன். இரண்டு பெட்டியை மாற்றி ஏற்றிவிட்ட மாதிரி.

வந்த முதல் மாதம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? மேற்கே கறுத்தது. மண் வாசனை வந்தது. எங்கள் ஊரில் செய்கிற மாதிரியே தெருவில் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து "மழை வருது! மழை வருது!" என்று கத்தினேன். தெருவே தலையில் அடித்துக்கொண்டது. உன் அம்மா, என் மாமியார், வாசலில் நின்று போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"ஏலே, இந்தப் புள்ள வாயப் பொத்துங்கலே! அம்புட்டுக் குழலும் காயக் கெடக்கு, இவ மழைக்கு ஆலத்தி எடுக்கா!"

இந்த ஊரில் வீட்டுக்கு வீடு பட்டாசுக்குக் காகிதக் குழல் உருட்டுகிறோம் என்று படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெறுங்குழல்தான். மருந்து அடைப்பதெல்லாம் கம்பெனியில். தாளில் பசை தடவி, உருட்டி, வெயிலில் காய வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு தூறல் விழுந்தாலும் பசை விட்டுப்போய்க் குழல் வாயைப் பிளந்துவிடும். ஒரு வார உழைப்பு கூழாகிவிடும்.

அதே மாதம் ஆனைக்குட்டத்தில் நீ என்ன செய்தாய்? மேகத்தைப் பார்த்து, "போ போ, அந்தப் பக்கம் போ" என்று முறத்தை ஆட்டி விரட்டியிருக்கிறாய். என் அப்பா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு உன்னையே பார்த்தாராம். "எம்மா, ஒனக்குப் புண்ணியமாப் போகும், அதை மட்டும் செய்யாத" என்று கும்பிட்டாராம். தலைத்தீபாவளிக்கு வந்தபோது இதை என்னிடம் சொல்லி நீ சிரித்தாய், நானும் சிரித்தேன், வயிறு வலித்தது. நாம் இரண்டு பேரும் மாறவே மாட்டோம் என்று அன்றைக்குச் சத்தியம்கூடச் செய்தோம். நீ என் கையில் அடித்துச் செய்தாய்.

பிறகு எப்போது மாறினோம் மதினி? எந்த வருசம்? எனக்கு எல்லாத் தேதியும் ஞாபகம் இருக்கிறது, அந்தத் தேதி மட்டும் இல்லை. மேகத்தைத் திட்டு என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. எதிர் வீட்டுக்காரி வானத்தைப் பார்த்து "ச்சீ" என்பாள். பக்கத்து வீட்டில் தார்ப்பாயை உதறுகிற சத்தம் கேட்கும். உன் அம்மா பெருமூச்சு விடுவார். இப்படியே பத்து வருசம். ஒரு நாள் மேகம் கறுத்தபோது முதல் "ச்சீ" என் வாயிலிருந்து வந்தது. எனக்கே ஆச்சரியமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். அங்கே நீ, தூறல் நின்றால் சோறு இறங்காதவளாக ஆகியிருந்தாய்.

இப்போது அந்தக் கோபத்துக்கு வருகிறேன். பத்தொன்பது வருசத்துக் கோபம்.

அந்த வருசப் புரட்டாசியில் மழை இல்லை. ஆனைக்குட்டத்தில் நீ பொம்பளைகளைக் கூட்டி மழைச்சோறு எடுத்தாய். வீடு வீடாகக் கையேந்தி, உப்பில்லாத சோறு வாங்கி, கண்மாய்க்கரையில் ஒன்றாகக் கலந்து சாப்பிட்டு, ஊரை விட்டுப் போவதுபோல அழுதால் வானத்துக்கு மனசு இரங்கும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். என் அம்மா எடுத்தாள், அவளுக்குப் பின் நீதான் எடுத்தாய். பட்டாசு ஊரில் பிறந்த நீ!

மறுநாள் விடியுமுன்னே கொட்டியது மழை. இங்கே என் வீட்டுக் களம் முழுக்கக் குழல். மொட்டை மாடியிலும் குழல். பதினைந்து நாள் நானும் உன் அண்ணனும் உருட்டியது. நாங்கள் எழுந்து ஓடுவதற்குள் எல்லாம் கஞ்சியாகிவிட்டது. அந்த வருசம் என் மூத்தவளுக்குத் தலைத்தீபாவளி. புதுச்சேலை எடுக்க வழியில்லாமல், கல்யாணச் சேலையையே கட்டிக்கொண்டு அவள் மாப்பிள்ளையோடு வந்து நின்றாள். அதை நான் எப்படி மறப்பேன்?

மழை பெய்த மூன்றாம் நாளே பஸ் ஏறி ஆனைக்குட்டம் வந்தேன். நீ முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு முகமெல்லாம் பல்லாக "வாங்க மதினி, பாத்தீகளா மழைய!" என்றாய். நான் தெரு அறியக் கத்தினேன்.

"பாத்தேன்! எங்க வீட்டு அடுப்புலதான் பாத்தேன். பொறந்த வீட்டுப் பொழப்புல மழையக் கொண்டாந்து ஊத்துறியே, நீ பொண்ணா? ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கக் கூடாது? இனி உன் வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

நீ எதையோ சொல்ல வாயைத் திறந்தாய். பிறகு மூடிக்கொண்டாய். அதை நான் பார்த்தேன். பதில் இல்லாமல் மூடிக்கொண்டாய் என்று நினைத்தேன்.

பத்தொன்பது வருசம் சொன்ன வாக்கு மாறவில்லை. காதுகுத்துக்கு வந்தேன், வீடு பால்காய்ச்ச வந்தேன், என் அண்ணன் காரியத்துக்கு வந்தேன். எல்லாவற்றுக்கும் என் தூக்குவாளியில் என் சோறு, என் பாட்டிலில் என் தண்ணீர். நீ பேசாமல் இருந்தாயா? ஒவ்வொரு பந்தியிலும் எனக்கென்று ஓர் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து வைப்பாய். நான் உட்கார மாட்டேன். பந்தி முடிந்ததும் வெறும் இலையை நீயே மடித்து எடுப்பாய். யாராவது சிரித்தால், "எங்க மதினி ரோசக்காரி. எனக்கு அவுகளப் பாத்தாப் பெருமையா இருக்கு" என்பாய். அந்தப் பேச்சு என் கோபத்தில் மேலும் ஒரு கட்டை விறகு வைக்கும்.

சாப்பாடுதான் நின்றது, பேச்சு நிற்கவில்லை. போன் வந்த பிறகு வாரம் இரண்டு தடவை வானத்தைப் பற்றிச் சண்டை. "இன்னும் ரெண்டு நாள் வெயில் அடிச்சா என் பாசிப்பயறு பொசுங்கிரும்" என்பாய். "இன்னும் ரெண்டு நாள் வெயில் அடிச்சாத்தான் என் குழல் லோடு ஏறும்" என்பேன். "ஒங்களுக்கு நாக்குல சனி" என்பாய். "ஒனக்குக் கண்ணுல" என்பேன். ஆனால் பார் மதினி, டிவியில் மழைச் செய்தி வந்தால் நான் முதலில் உன் ஊர் வருகிறதா என்றுதான் கேட்க ஆரம்பித்திருந்தேன். எப்போதிருந்து என்று அதுவும் தெரியவில்லை. கூடவே இருந்து தலையாட்டுகிறவர்கள் நம்மை ஒரு பக்கம் திருப்புகிறார்கள். எதிரே நின்று சண்டை போடுகிறவள் நமக்குத் தெரியாமல் இன்னொரு பக்கம் திருப்பிவிடுகிறாள். என் பிறந்த வீட்டை எனக்குத் திருப்பிக் கொடுத்தவள், அந்த வீட்டில் பிறக்காத நீ.

இந்தப் புரட்டாசிக்கு வருகிறேன். ஒரு துளி இல்லை. போன வாரம் உன் மருமகள் செல்வி போன் போட்டாள்.

"சித்தி, மக்காச்சோளம் முழங்கால் அளவுல நிக்கி. இந்த வாரம் பெய்யலன்னா ஆடு மாட்டுக்குத்தான். மழைச்சோறு எடுக்கலாம்னு சொல்லுதாக. எங்களுக்கு முறை தெரியாது. நீங்கதான் வந்து முன்ன நிக்கணும்."

"ஏன், ஊர்ல வேற கெழவி இல்லையா?"

"இருக்காக. ஆனா முதல் பிடிச் சோறு, கோவமா இருக்கிற வீட்டுலதான வாங்கணும்? இங்கன எல்லாரும் ராசியாத்தான் இருக்கோம். பத்தொம்பது வருசக் கோவம் உங்ககிட்டதான் இருக்கு."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எம்புட்டு வாய் பார்த்தாயா! ஆனால் அவள் சொன்னது சரி. கை நீட்டக் கூசுகிற வாசலில் முதலில் கை நீட்ட வேண்டும், ரோசம் இறங்கினால்தான் மேகம் இறங்கும் என்று என் அம்மா சொல்வாள். எனக்கு ஆனைக்குட்டத்தில் கை நீட்டக் கூசுகிற வாசல் ஒன்றே ஒன்றுதான். உன் வாசல்.

போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். களம் முழுக்கக் குழல். தீபாவளிக்குக் கடைசி ஆர்டர். என் மருமகள் ஜோதி குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். மழையைக் கூப்பிட்டால் இவள் குழல் நனையும். கூப்பிடாவிட்டால் செல்வியின் சோளம் கருகும். பத்தொன்பது வருசம் எதற்காக உன்னைத் திட்டினேனோ, அதையே நான் செய்ய வேண்டும். மூன்று நாள் எனக்குத் தூக்கம் இல்லை. உன்னைத்தான் கேட்டேன். எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் நீ சேற்றில் நின்று சிரித்த முகம்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று எடுத்துக்கொள்வது?

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பிவிட்டேன். சிவகாசியில் பஸ் மாறும்போது மனசு பொறுக்கவில்லை. ஜோதிக்குப் போன் போட்டேன்.

"ஏத்தா, ஒரு குழல் பாக்கியில்லாம உள்ள எடு. கட்டிலுக்கு அடியில, அடுப்பாங்கரையில, எங்கன எடம் இருக்கோ அங்கன அடுக்கு. தெருவுலயும் சொல்லிரு."

"அத்தை, வானத்துல ஒரு மேகம் இல்லையே! வெயில் மண்டையப் பொளக்குது."

"நான் மழையக் கூப்பிடப் போறேன்த்தா. சொன்னதைச் செய்."

"அத்தை, பஸ்ல ஏறுறப்ப ஏதாச்சும் சாப்பிட்டீகளா?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குப் பித்தம் ஏறிவிட்டது என்று நினைத்திருக்கிறாள்! ஆனாலும் தங்கமான பிள்ளை, எல்லாவற்றையும் எடுத்து அடுக்கிவிட்டாள்.

உன் வாசலில் போய் நின்றேன் மதினி. பின்னால் முப்பது பொம்பளைகள். செல்வி சோற்றுப் பானையோடு நடையில் நிற்கிறாள். நான் முந்தானையை விரித்துவிட்டேன், வார்த்தை வரவில்லை.

"கேளுங்க சித்தி. கேட்டாத்தான் போடுவேன்" என்றாள். முகத்தை விறைப்பாக வைத்திருக்கிறாள், கண்ணில் தண்ணீர்.

"ஊரை விட்டுப் போறோம் தாயி" என்று ஆரம்பித்தேன். குரல் உடைந்தது. "பசிக்கி. ஒரு பிடி சோறு போடு."

அவள் போட்டாள். சூடு முந்தானை வழியாக உள்ளங்கைக்கு வந்தது. பின்னால் யாரோ ஒருத்தி, "வேலுத்தாயி அத்தை இருந்திருந்தா இதுக்குக் குலவை போட்டிருப்பாக" என்றாள். அவ்வளவுதான், முப்பது பேரும் குலவை போட்டார்கள்! மழைச்சோறு எடுக்கும்போது யாராவது குலவை போடுவார்களா? அழ வேண்டிய இடத்தில் குலவை. முறை தப்பு என்று திட்ட நினைத்தேன். எனக்கும் சேர்ந்து போடத்தான் வந்தது.

கண்மாய்க்கரையில் கலந்து சாப்பிட்டோம். உப்பில்லாத சோறு. உன் வீட்டுச் சோறு எது, மற்ற வீட்டுச் சோறு எது என்று தெரியவில்லை. எல்லாமே உன் வீட்டுச் சோறு என்று நினைத்துச் சாப்பிட்டேன். மறுநாள் மத்தியானம் உன் வீட்டு நடையில் உட்கார்ந்திருந்தபோது மேற்கே கறுத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்த அறுபத்தாறு வயதில் தெருவில் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து "மழை வருது! மழை வருது!" என்று கத்தினேன். இந்தத் தடவை யாரும் என் வாயைப் பொத்தவில்லை.

காற்றழுத்தமாம், டிவியில் முந்தின நாளே சொன்னார்களாம். பேத்தி சொல்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

நனைந்தபடி சாயந்தரம் தாயில்பட்டி வந்தேன். வீட்டுக்குள் நடக்க இடமில்லை, அம்புட்டுக் குழல். ஒன்றுகூட நனையவில்லை! ஜோதி என்னைக் கட்டிக்கொண்டாள். எதிர் வீட்டுக்காரி மட்டும் ஜோதி சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு எடுக்காமல் விட்டிருக்கிறாள். இப்போது என்னோடு பேசமாட்டேன் என்கிறாள். எத்தனை வருசம் தாங்குகிறாள் என்று பார்க்கிறேன்.

இனிமேல்தான் சங்கதி. உன் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து குழல் அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் செத்துப் போயிருந்தது. "என்னங்க?" என்றேன்.

"அன்னைக்கும் சொல்லிவிட்டா, குருவம்மா."

"யாரு?"

"என் தங்கச்சி. அந்த வருசம், மழைச்சோறுக்கு மொத நாளு. சிவகாசி பஸ் ஸ்டாண்டுல என்னையப் பாத்தா. 'நாளைக்கு எடுக்கோம்ணே, குழலை எல்லாம் உள்ள எடுத்து வைக்கச் சொல்லு மதினிகிட்ட, மறந்துராத'ன்னு ரெண்டு தடவ சொன்னா. சோறு தின்னா மழை பெஞ்சிருமாக்கும்னு நான் சிரிச்சிட்டு வந்துட்டேன். ஒன்கிட்ட சொல்லல."

"பத்தொம்பது வருசமா ஏன் வாயத் தெறக்கல?"

"நீ போட்ட சத்தத்துல பயந்துட்டேன். அப்பறம் நாளாயிருச்சு. அவளும் காட்டிக் குடுக்கல."

மதினி, கேட்டாயா! நீ அன்றைக்குச் சேற்றில் நின்று வாயைத் திறந்து மூடினாயே, இதுதானா? உன் அண்ணன் மேல் நான் பாய்வேன் என்று விழுங்கிவிட்டாயா? ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே உன் வீட்டில் சாப்பிட்டிருப்பேனே! பத்தொன்பது வருசம் வெறும் இலையை மடித்தாயே, ஒரு தடவைகூடவா உனக்கு நாக்கு அரிக்கவில்லை?

இன்னொன்றும் இப்போதுதான் விளங்குகிறது. போன ஐப்பசியில் நீ படுத்த படுக்கையாகக் கிடந்தாய். இடி இடித்தது. நினைவில்லாமல் கிடந்த நீ திடீரென்று எழப் பார்த்து, "குழலை உள்ள எடுங்க! மதினிட்டச் சொல்லுங்க!" என்று கத்தினாய். செல்வி என்னைப் பார்த்து, "எந்தக் குழல் சித்தி?" என்று கேட்டாள். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. பிறந்த வீட்டு ஞாபகம் என்று நினைத்தேன். இல்லை. நீ அந்தச் சேதியை அதுவரைக்கும் கையில் வைத்திருந்தாய். வந்து சேர்ந்துவிட்டது மதினி. ஒரு வருசம் தாமதம்தான், ஆனால் வந்துவிட்டது. குழலெல்லாம் உள்ளே இருக்கிறது. நீ நிம்மதியாக இரு.

அழவில்லை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இந்த வயதில் ஒரு பெரிய கோபம் இறங்கினால் உடம்பே பஞ்சு மாதிரி ஆகிவிடும் போலிருக்கிறது. ஆனால் உன் அண்ணனை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. நேற்று ராத்திரியிலிருந்து அவர் சோற்றில் உப்பு இல்லை. கேட்கவும் துணிச்சல் இல்லாமல் சாப்பிடுகிறார்.

அடுத்த மாதம் உன் வருசத்துக்கு வருவேன். தூக்குவாளி வராது. அதை ஜோதியிடம் கொடுத்துவிட்டேன். முதல் பந்தியில், நீ எனக்குப் போடுகிற அதே இடத்தில் உட்காருவேன். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்குவேன். ரசம் சரியில்லை என்று சத்தம் போடுவேன். சாப்பிட்டு முடித்து என் இலையை நானே மடித்து எடுப்பேன். பத்தொன்பது வருசத்து இலைக்கும் சேர்த்து இனி ஒவ்வொரு வருசமும் வருவேன். வருகிற புரட்டாசியில் வானம் பொய்த்தால் முன்னால் நிற்பேன், அதற்கு முந்தின நாளே தாயில்பட்டிக்குச் சேதி அனுப்புவேன். ஆம்பளைகளிடம் சொல்லி அனுப்ப மாட்டேன்.

உன் அண்ணன் பெண்டாட்டி, உன் புருசன் தங்கச்சி, எந்தப் பக்கம் எண்ணினாலும் உன் மதினி,
குருவம்மாள்
தாயில்பட்டி